மாத்திரை வாசலுக்கு வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அது முதல் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பஸ் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, ஆஸ்பத்திரி வரிசை என்று குறுக்கே நின்ற பலவற்றை அந்தத் திட்டம் அகற்றியது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் தொற்றா நோய்ப் பணியில் இருக்கும் எங்களுக்கு அதில் உண்மையான பெருமை உண்டு. ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்பது வேறு கேள்வி. சாமி அலமாரியிலும் டிவிக்குப் பின்னாலும் பிரிக்காத மாத்திரை அட்டைகள் சேர்ந்து கிடக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்த அட்டைகளைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

அவற்றைப் பார்த்ததும் 'அலட்சியம்', 'படிப்பில்லாத ஜனம்' என்று சொல்லிவிடுவது சுலபம். அது சரியல்ல. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்களுக்குச் சொன்னபடி மருந்து எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. அங்கே படிப்புக்கும் வசதிக்கும் குறைவில்லை. பல பேருக்கு இல்லாமல் இருப்பது, 'இதை நாள் தவறாமல் என்னால் செய்ய முடியும்' என்கிற நம்பிக்கை. உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதை விரிவாக எழுதினார். அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று, இந்த நம்பிக்கை பொதுவான தைரியம் அல்ல, ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாக இருப்பது. மகளிர் குழுக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டும் பெண்மணிக்கு, மூன்று நாள் கல்யாண வீட்டில் மாத்திரை போட முடியும் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லாமல் இருக்கலாம். அவரிடம் போய் 'பொறுப்பில்லை' என்றால் அவர் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கென்றே இந்த நம்பிக்கையை அளக்க அமெரிக்காவில் ஒகெடெக்பெ என்ற மருத்துவரின் குழு 2003இல் 26 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டது. 'மாத்திரை போடுகிறீர்களா?' என்று அது கேட்பதில்லை. வேலை மும்முரத்தில் இருக்கும்போது, வெளியூர் போகும்போது, நினைவுபடுத்த ஆள் இல்லாதபோது, உடம்பு நன்றாக இருக்கும்போது, அடிக்கடி சிறுநீர் வரும் என்ற பயம் இருக்கும்போது போட முடியுமா என்று ஒவ்வொரு நிலைமையையும் தனியாகக் கேட்கிறது. அதை அப்படியே இங்கே இறக்க வேண்டியதில்லை. நம் ஊருக்கு ஆறு கேள்வி போதும். நைட் ஷிப்ட் வாரத்தில் முடியுமா? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் முடியுமா? கல்யாணம், திருவிழா, விரத நாளில்? தலைசுற்றல் எதுவுமே இல்லாதபோது? கால் வீங்கினாலோ இருமல் வந்தாலோ? பிள்ளைகள் ஊரில் இல்லாதபோது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அவரே மதிப்பெண் போடட்டும். 'நல்லாத்தான் போட்டுக்கிறேன்' என்று பொதுவாகச் சொல்லும் ஒருவர், பெங்களூர்க் கேள்விக்கு 3 என்பார். அந்த 3தான் வேலை செய்ய வேண்டிய இடம். மற்ற ஐந்தைப் பற்றிப் பேசி அவர் நேரத்தையும் நம் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம்.

நம்பிக்கையை வளர்ப்பதைப் பேசும் முன், அதை நாமே எப்படி உடைக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். முதல் குற்றவாளி தவறாக அளந்த பிபி. முகாமுக்கு வேகமாக நடந்து வந்தவரை அப்படியே ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பிபி மெஷினின் பட்டையைச் சுற்றி, 'சாப்பிட்டீங்களா, உப்பு குறைச்சீங்களா' என்று பேசிக்கொண்டே அளக்கிறோம். கை தொங்கிக்கொண்டிருக்கிறது, முதுகுக்குச் சாய்மானம் இல்லை, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றவராகவும் இருப்பார். இவை ஒவ்வொன்றும் அளவை ஏற்றிவிடும். பேசுவது மட்டுமே 10 புள்ளி வரை கூட்டிக் காட்டும். ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்ட மனிதருக்கு 158 என்று சொல்லி அனுப்பினால் அவர் என்ன முடிவுக்கு வருவார்? 'போட்டும் குறையல, இனி எதுக்கு?' என்பார். ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

சரியாக அளக்கும் முறை இதுதான். அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். சாய்மானம் உள்ள நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படும்படி, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டை. கை மேசை மேல், நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். பட்டையின் அளவையும் பார்க்க வேண்டும். பொதுவாகக் கிடைப்பது 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கானது. அதைவிடப் பருத்த கைக்கு அதே பட்டையைக் கட்டினால் இல்லாத பிபியைக் காட்டும். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் 7 நாள் காலையும் மாலையும் அளந்து, முதல் நாள் அளவை விட்டுவிட்டு மீதியைச் சராசரி எடுத்தால் நம்பலாம். ஆஸ்பத்திரியில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85.

இரண்டாவது குற்றவாளி, அவசரம். இங்கே அதிகம் கொடுக்கும் பிபி மாத்திரையான அம்லோடிபின் முழுப் பலனைக் காட்ட ஒன்று இரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே கடையில் அளந்து பார்த்து, 'இந்த மாத்திரை நமக்குக் கேக்கல' என்று நிறுத்துபவர்கள் உண்டு. மாத்திரையைக் கொடுக்கும்போதே 'இரண்டு வாரத்துக்கு இதை எடை போடாதீர்கள்' என்று ஒரு வரி சொன்னால் போதும்.

மூன்றாவது, அட்டையின் நிறம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்து வாங்குகிறது. ஒப்பந்தம் மாறினால் கம்பெனி மாறும், அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும் மாறும். உள்ளே இருப்பது அதே அம்லோடிபின் 5 மில்லிகிராம்தான். ஆனால் எழுத்தைப் படிக்காமல் நிறத்தை வைத்து அடையாளம் காண்பவருக்கு அது வேறு மருந்து. சிலர் புதியதைத் தொடுவதில்லை. சிலர் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுகிறார்கள். இன்னொரு வகையிலும் இதே சிக்கல் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் வாங்குகிறவர் தனியார் டாக்டரிடமும் காட்டுகிறார். அந்த டாக்டர், டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிபி மருந்தும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதுகிறார். இரண்டையும் போட்டால் அம்லோடிபின் இரட்டிப்பாகிறது. கணுக்கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். கடைசியில் மனிதர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். எங்கே போனாலும் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மருந்துக் கடையில் அட்டையைத் துண்டாக வெட்டிக் கொடுத்தால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் துண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

பக்கவிளைவை முன்கூட்டிச் சொன்னால் பயந்து போட மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சொல்லாமல் விடுவதுதான் அதிகம் கெடுக்கிறது. அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் வரும். எனலாப்ரில் என்ற பிபி மருந்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சிரப் குடித்து அது நிற்காது, மருந்தை மாற்ற வேண்டும், மாற்ற நல்ல மருந்து இருக்கிறது. பிபிக்குத் தரும் 'சிறுநீர் மாத்திரைகளான' குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை சிறுநீரைக் கூட்டும். சிலருக்குக் கெண்டைக்கால் பிடிக்கும். அரூரிலிருந்து சேலத்துக்கோ ஓசூரிலிருந்து பெங்களூருக்கோ பஸ் ஏறும் பெண்கள் அன்றைக்கு அந்த மாத்திரையைத் தவிர்ப்பதன் காரணம் இதுதான். கழிப்பறை இல்லாத பயணத்துக்குப் பயந்து அவர்கள் எடுக்கும் முடிவை மறதி என்று எழுதிவைக்கிறோம். போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டால் வழி பிறக்கும். அட்டெனோலால் என்ற பிபி மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நெஞ்சு படபடத்து பிபி தாவி ஏறும். இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே வந்துவிடலாம். கருத்தரித்திருக்கும் அல்லது கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் எனலாப்ரில், டெல்மிசார்டன் எடுத்துவந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

'இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்' என்ற பேச்சு இங்கே மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கட்டுப்படாத ரத்த அழுத்தம்தான் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. கிட்னியைப் பற்றிக் கவலைப்படுகிறவர் பார்க்க வேண்டியது வலி மாத்திரையை. ஃபுளூரைடு கலந்த போர் தண்ணீரால் இந்த மாவட்டங்கள் பட்ட பாட்டுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த ஃபுளூரைடு எலும்பையும் மூட்டையும் தாக்கும் என்பதால், மூட்டு வலியோடு வாழ்பவர்கள் இங்கே ஏராளம். கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இபுபுரூபன் இரண்டும் பிபியை ஏற்றும், பிபி மாத்திரையின் பலனைக் குறைக்கும். எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டனோடு சிறுநீர் மாத்திரையும் எடுப்பவர் இவற்றையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். வலிக்கு என்ன போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், கடை கவுன்ட்டரில் கேட்காதீர்கள்.

இனி நம்பிக்கை வளரும் விதத்துக்கு வருகிறோம். பண்டூரா சொன்ன நான்கு வழிகளில் வலுவானது, தானே செய்து ஜெயித்த அனுபவம். ஆகவே 'ஆயுசுக்கும் போடணும்' என்று தொடங்காதீர்கள். அந்தச் சொல்லே பாதிப் பேரை மலைக்க வைக்கிறது. ஏழு நாள் என்று தொடங்கலாம். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் பால்பாயிண்ட் பேனாவால் தேதி எழுதுங்கள். 10 மாத்திரை உள்ள அட்டையில் 12, 13, 14 என்று வரிசையாக எழுதினால், போட்டோமா இல்லையா என்ற குழப்பம் அட்டையைத் திருப்பினால் தீர்ந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, போட்டதும் காலண்டரில் அன்றைய தேதியில் ஒரு குங்குமப் பொட்டு. டெல்மிசார்டனை மட்டும் முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும் மருந்து. போடும்போதுதான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும்.

எப்போது போடுவது என்பதைக் கடிகாரத்தோடு கட்ட வேண்டாம், தினமும் தவறாத ஒரு செயலோடு கட்டுங்கள். 'காலை சாப்பாட்டுக்குப் பிறகு' என்பது ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்குப் பொருந்தாது. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் காலைச் சாப்பாடே இருக்காது. 'தூங்கி எழுந்து பல் தேய்த்ததும்' என்பது எந்த ஷிப்டிலும் உண்டு, பெங்களூர் ஷெட்டிலும் உண்டு. மாத்திரையை பிரஷ், பேஸ்ட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீரும் குழந்தைகளும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பிரிட்டனில் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், பிபி மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத் தடுப்பில் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. சிறுநீர் மாத்திரையை மட்டும் விழித்திருக்கும் நேரத்தின் தொடக்கத்தில் போடுவது நல்லது, தூக்கம் கெடாது. அம்லோடிபினுக்கும் டெல்மிசார்டனுக்கும் சாப்பாடு கட்டாயமில்லை. விரத நாளில் ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு அன்றையதை மட்டும் போடுங்கள். இரண்டு சேர்த்துப் போடவே கூடாது.

இரண்டாவது வழி, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. நம் ஊரில் இது பெரும்பாலும் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. 'மாத்திரை போட்டவருக்கே கை கால் விழுந்துடுச்சே' என்ற ஒரு பேச்சு ஒரு தெரு முழுக்க அட்டைகளை மூட வைத்துவிடும். அவர் எத்தனை நாள் விட்டுவிட்டுப் போட்டார் என்பது அந்தப் பேச்சில் வராது. பத்து வருடமாக மாத்திரை போட்டு, களி கிண்டி, மாடு கறந்து, நூறு நாள் வேலைக்கும் போய்வரும் பாட்டி அதே தெருவில் இருப்பார். அவரைப் பற்றிப் பேச ஒன்றும் நடக்கவில்லை என்பதால் யாரும் பேசுவதில்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் அவரையே இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலையூர்களிலும், தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கும் தளி, தேன்கனிக்கோட்டை பக்கமும் எங்கள் பேச்சைவிட அந்த ஊர்க்காரரின் பேச்சுதான் எடுபடும்.

வார்த்தையால் ஊக்குவிப்பது மூன்றாவது. இங்கே சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரையை எண்ணுங்கள், ஆனால் போலீஸ் சோதனை போல எண்ணாதீர்கள். அப்படி எண்ணினால், நீங்கள் வருவதற்கு முந்தின நாள் மிச்ச மாத்திரை குப்பைக்குப் போய்விடும். உங்கள் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். 30 நாளில் 24 போட்டிருந்தால் அது 80 சதவீதம். மருத்துவ ஆய்வுகளில் பொதுவாக 'ஒழுங்காக எடுப்பவர்' என்று கணக்கிடும் எல்லைக்கு அவர் வந்துவிட்டார். 'ஏன் ஆறு விட்டீங்க?' என்று தொடங்காமல், 'இருபத்து நாலு போட்டிருக்கீங்களேம்மா, அந்த ஆறு நாள் எங்க இருந்தீங்க?' என்று கேளுங்கள். பதிலில் ஒரு கல்யாணமோ மாங்காய் மண்டி வேலையோ வரும். அடுத்த தடவை அந்த வேலைக்குப் போகும் பையில் ஒரு அட்டை இருக்கட்டும் என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

நான்காவது, உடம்பு சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது. 'தல சுத்துனா போடுவேன்' என்பவர்கள் இங்கே மிக அதிகம். பெரும்பாலானவர்களுக்கு ரத்தக்கொதிப்பு எந்த அறிகுறியும் காட்டாது. தலைசுற்றல் பிபி ஏறியதாலும் வரலாம், இறங்கியதாலும் வரலாம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் தக்காளி பறித்ததாலும் வரலாம். அளக்காமல் தெரியாது. '120 வந்துடுச்சு, நிறுத்திட்டேன்' என்பதும் இதே வகைதான். அந்த 120 மாத்திரையால் வந்தது. உப்பை ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் அளவுக்குள் வைத்து, ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைத்து, நடந்து, எடையும் இறங்கினால் மருத்துவரே அளவைக் குறைப்பார். அளவு 180/120 தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். அளவு எதுவாக இருந்தாலும் வாய் கோணலும் குழறலும் வந்தால் அழைக்கத்தான் வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் அவ்வளவு உயரம் காட்டினால் கூடுதல் மாத்திரை போடாமல், ஓய்வெடுத்து மீண்டும் அளந்து, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மாவட்ட சுகாதார அதிகாரிகளிடம் மூன்று விஷயங்களை உங்கள் நாளிதழ் மூலம் கேட்கிறோம். வீடு தேடிப் போகும் பதிவேட்டில் 'எந்த நாளில் போட முடியாமல் போகிறது?' என்று ஒரு கட்டம் வேண்டும். மேலே சொன்ன ஆறு கேள்வியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்டால் போதும், ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் பிபி அளக்கும் இடத்தில் சாய்மானம் உள்ள நாற்காலியும், நெஞ்சு மட்டத்துக்கு வரும் மேசையும், பெரிய அளவுப் பட்டை ஒன்றும் வேண்டும். 30 மாத்திரை கொடுத்துவிட்டு 31 நாள் உள்ள மாதத்தில் இரண்டு நாள் தாமதமாகப் போனால் மூன்று நாள் இடைவெளி விழும். அதனால் எல்லோருக்கும் ஒரு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வந்து திரும்ப வேலைக்குப் போகும் பென்னாகரம், பாலக்கோடு பகுதித் தொழிலாளர்களுக்கு, பிபி கட்டுப்பாட்டில் இருந்தால், அவர்கள் பஸ் ஏறும் முன் 60 மாத்திரையும், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டும் கையில் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சீட்டைத் தமிழோடு கன்னடத்திலும் எழுதிக் கொடுத்தால், அங்கே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மீதி மாதங்களுக்கு வாங்கிக்கொள்ளக் கேட்க அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

இப்படிக்கு,
தொற்றா நோய்ப் பணியில் உள்ள செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்,
தருமபுரி.